மூடி திறந்த நாள்

2009 தை மாதம் என் அக்காவுக்குக் கல்யாணம். திண்டுக்கல்லில் மண்டபம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன். மேக்கப் போட வந்த அழகுநிலையக்காரம்மா கையில் ஒரு பெரிய பெட்டி. திறந்தால் கொலுப்படி மாதிரி அடுக்கடுக்காக விரியும். நான் அப்போது இன்ஜினியரிங் கடைசி வருஷம். மணமகள் அறையில் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, ஃபேன் காற்று அக்கா முகத்தில் நேராக அடிக்காமல் பார்த்துக்கொள்வது. அதனால் எல்லாவற்றையும் பக்கத்தில் நின்றே பார்த்தேன்.

மஸ்காரா டியூப் கொஞ்சம் காய்ந்துபோயிருந்தது. அவர் அதில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். பிரஷ்ஷை உள்ளே விட்டுக் குத்திக் குத்திக் கலக்கினார். "பாத்தீங்களா, புதுசு மாதிரி ஆயிருச்சு" என்றார். புதுசு மாதிரிதான் இருந்தது. அக்காவும் அன்றைக்கு அத்தனை அழகாக இருந்தாள்.

மறுவீட்டுக்கு வந்த அன்று அவளுடைய இடது கண் சிவந்திருந்தது. "அத்தனை பேர் கண்ணும் பட்டுருச்சு" என்று அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். மறுநாள் காலையில் அக்காவால் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. மதுரைக்கு ஓடினோம். கருவிழியில் ஒரு கீறல், அந்தக் கீறலில் புண் என்றார் கண் மருத்துவர். அவர் கேட்ட முதல் கேள்வியே, "கண்ணுக்கு மை, மஸ்காரா எதுவும் போட்டீங்களாம்மா? அது யாரோட டியூப்?" என்பதுதான்.

ராத்திரி பகல் பார்க்காமல் மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. கண் பிழைத்தது. கருவிழியில் கடுகளவு வெள்ளைத் தழும்பு மட்டும் நின்றுவிட்டது. ராத்திரியில் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் இன்றைக்கும் அவளுக்குச் சிதறித்தான் தெரிகிறது. அந்த டியூப்தான் காரணம் என்று நிரூபிக்க முடியாது. யாரும் அதை எடுத்துச் சோதிக்கவில்லை. அதில் தேதி போட்டிருந்ததா என்றும் எனக்கு ஞாபகமில்லை. போட்டிருந்தால், அது முடிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றியது.

*

இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது ரொம்ப வருஷம் கழித்து, பெங்களூரில். எல்லாரும் வாங்குகிறார்களே என்று நானும் ஒரு வைட்டமின் சி சீரம் வாங்கினேன். பாட்டிலில் இன்னும் ஒன்றரை வருஷம் மிச்சமிருந்தது. மூன்றே மாதத்தில் சீரம் டீ டிக்காஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் தேதிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் படம்: மூடி திறந்த ஒரு ஜாடி, அதன் மேல் '3 எம்'. அத்தனை நாளும் அதைக் குப்பைத்தொட்டி அடையாளம் மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தேன். டாகுமென்டேஷன் படிக்காமலே கோடை ஓட்டிய கதை.

அப்படியானால் ஒரு டப்பாவுக்கு இரண்டு கடிகாரங்கள். ஒன்று தொழிற்சாலையில் ஓட ஆரம்பிக்கிறது. மற்றது நாம் மூடியைத் திறக்கும்போது. இரண்டாவது கடிகாரத்தை மனிதர்கள் எப்போது கண்டுபிடித்தார்கள்?

ரொம்பப் பின்னாலிருந்து வருவோம். 2003ல் லண்டனின் சதர்க் பகுதியில், பழைய ரோமானியக் கோயில் வளாகம் ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தவர்களுக்கு உள்ளங்கையில் அடங்கும் ஒரு டப்பா கிடைத்தது. வெள்ளீயத்தில் செய்தது, இறுக மூடியிருந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. திறந்தால் உள்ளே வெள்ளை க்ரீம். அதில் யாரோ விரலால் வழித்து எடுத்த தடம்கூட அப்படியே இருந்தது. பிரிஸ்டல் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் அதைப் பகுத்துப் பார்த்து 2004ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். விலங்குக் கொழுப்பு, மாவுச்சத்து, வெள்ளை நிறத்துக்கு வெள்ளீய ஆக்சைடு. அதே பக்குவத்தில் புதிதாகச் செய்து தடவியும் பார்த்தார்கள். முதலில் பிசுபிசுப்பு, தேய்த்தபின் பவுடர் போட்ட மாதிரி வழுவழுப்பு.

அந்த வெள்ளீயம் எனக்கு முக்கியமாகப் பட்டது. முகம் வெளுப்பாகத் தெரிய அந்தக் காலத்தில் ஈய வெள்ளையைப் பூசிக்கொள்ளும் பழக்கம் இருந்தது. ஈயம் விஷம். அதன் பிறகும் நூற்றாண்டுக் கணக்கில் ஐரோப்பியப் பெண்கள் அதைப் பூசிக்கொண்டிருந்தார்கள். சதர்க்கில் அந்த க்ரீமைச் செய்தவர் எந்தக் காரணத்தினாலோ விஷமில்லாத ஒன்றைப் போட்டிருக்கிறார்.

அதே நூற்றாண்டில் ரோமில் இருந்த மருத்துவர் கேலன் பெயரில் இன்னொரு பக்குவம் உண்டு: தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர். தோலில் தடவினால் அதிலிருக்கும் நீர் ஆவியாகி ஜில்லென்று இருக்கும். கோல்டு க்ரீம் என்ற பெயர் வந்தது இதிலிருந்துதான். சிக்கல் என்னவென்றால் எண்ணெயும் நீரும் பிரிந்துவிடும், எண்ணெய் காறிப்போகும். எனவே கொஞ்சமாகச் செய்து சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். நம் வீடுகளில் சந்தனத்தை அன்றன்றைக்குக் கல்லில் இழைத்ததும் இப்படித்தான். அன்றே இழைத்து அன்றே பூசிக்கொள்கிற பண்டத்துக்குத் தேதி எதற்கு? செய்கிறவரும் பூசிக்கொள்கிறவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

தேதி தேவைப்பட்டது, முன்பின் தெரியாத ஒருவர் செய்ததை முன்பின் தெரியாத இன்னொருவர் வாங்க ஆரம்பித்த பிறகு.

*

அமெரிக்காவில் 1906ல் உணவுக்கும் மருந்துக்கும் சட்டம் வந்தது. அழகுப்பொருள்கள் அதில் இல்லை. அடுத்த 32 வருஷம் ஒரு க்ரீமில் எதைப் போட்டு விற்றாலும் அந்தச் சட்டத்தால் தொட முடியாது. தேவையற்ற முடியை நீக்கும் 'கோரெம்லூ' என்ற க்ரீமில் தாலியம் இருந்தது. தாலியம் எலி மருந்து. பூசியவர்களுக்குத் தலைமுடி கொட்டியது, நரம்புகள் பாதிக்கப்பட்டன.

1933ல் 'லாஷ் லூர்' வந்தது. கண் இமை முடிக்கும் புருவத்துக்கும் போடும் சாயம். அதில் பாராஃபீனைலீன்டையமீன் என்ற சாயப்பொருள் இருந்தது. சிலருக்கு அது மிகக் கடுமையான ஒவ்வாமையைத் தரும். ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஒரு பெண் விருந்து ஒன்றுக்குப் போவதற்காக அழகுநிலையத்துக்குப் போனார். அங்கே அவருக்கு இந்தச் சாயத்தைப் போட்டார்கள். இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. வேறொருவர் உயிரே போனது.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.விடம் அப்போது சட்ட அதிகாரம் இல்லை. கையில் இருந்தவை படங்களும் டப்பாக்களும் மட்டும். இப்படிப்பட்ட பொருள்களை ஒன்றுசேர்த்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். அதில் அந்த ஒஹாயோ பெண்ணின் இரண்டு படங்கள்: சாயம் போடுவதற்கு முன், போட்ட பின். பத்திரிகைக்காரர்கள் அந்தக் கண்காட்சிக்கு 'அமெரிக்கக் கொடூரக் கூடம்' என்று பெயர் வைத்தார்கள். எஃப்.டி.ஏ.வில் பணியாற்றிய ரூத் லாம்ப் அதே பெயரில் 1936ல் ஒரு புத்தகமே எழுதினார். அப்படியும் சட்டம் நகரவில்லை. 1937ல் வேறொரு மருந்து, சல்ஃபனிலமைடு எலிக்ஸிர், நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அவர்களில் பலர் குழந்தைகள். அதன் பிறகுதான், 1938 ஜூன் 25 அன்று, அழகுப்பொருள்களையும் சேர்த்த புதுச் சட்டம் கையெழுத்தானது. அந்தச் சட்டத்தின் கீழ் முதன்முதலில் பறிமுதல் செய்யப்பட்டது லாஷ் லூர்.

அந்தச் சட்டத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் தலைச்சாயங்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். பதிலாக ஓர் எச்சரிக்கை அச்சிட வேண்டும்: முதலில் கொஞ்சம் தடவிச் சோதித்துப் பாருங்கள், இமைக்கும் புருவத்துக்கும் போடாதீர்கள், பார்வை போகலாம். இன்றைக்கும் ஹேர் டை அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில், காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ தடவி 48 மணி நேரம் பாருங்கள் என்று இருக்கும். என் அப்பா அந்தத் தாளை விரித்து, சாயம் கலக்கும் கிண்ணத்துக்கு அடியில் போட்டுக்கொள்வார். அந்த நான்கு வரி அந்தப் பெண்ணின் கண்களிலிருந்து வந்தது என்று தெரிந்த பிறகு என்னால் அந்தத் தாளைச் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

*

லாஷ் லூரில் விஷம் டப்பாவுக்குள் இருந்தபடியே வந்தது. அக்காவுக்கு நடந்தது வேறு மாதிரி. அதைப் புரிந்துகொள்ள 1970களுக்கு வர வேண்டும்.

பழைய மஸ்காரா கட்டியாக வரும். பிரஷ்ஷை நனைத்து அதன் மேல் தேய்த்துப் பூசுவார்கள். 1950களின் கடைசியில் டியூபும் அதற்குள் நுழையும் குச்சியும் வந்தன. சௌகரியம்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் இமையைத் தொட்ட பிரஷ், இருட்டான ஈரமான டியூபுக்குள் திரும்பப் போகிறது. அட்லாண்டாவில் கண் மருத்துவர் லூயி வில்சனும் நுண்ணுயிரியலாளர் டொனால்ட் அஹெர்னும் இதைத்தான் ஆராய்ந்தார்கள். 1975ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, பயன்பாட்டில் இருக்கும் மஸ்காராவில் நுண்ணுயிர்கள் எப்படித் தாக்குப்பிடித்து வளர்கின்றன என்பதைப் பற்றியது. 1977ல் அடுத்தது: சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா கலந்த மஸ்காராவால் கருவிழியில் புண் வந்த பெண்களைப் பற்றி. பிரஷ் தவறிக் கருவிழியைக் கீறுகிறது. கீறலின் வழியாக பாக்டீரியா உள்ளே போகிறது. சரியான மருந்து உடனே கிடைக்காவிட்டால் சில நாள்களில் பார்வையே போகலாம்.

அதைப் படித்தபோது மதுரை மருத்துவரின் கேள்வி காதில் கேட்டது. "அது யாரோட டியூப்?" அவர் தேதியைக் கேட்கவில்லை, ஆளைக் கேட்டார்.

1989ல் எஃப்.டி.ஏ., கடைகளில் எல்லாரும் போட்டுப் பார்ப்பதற்காக வைத்திருக்கும் மாதிரிகளைச் சேகரித்துச் சோதித்தது. 5 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் பூஞ்சையும் நோய்க்கிருமியும் மோசமான அளவில் இருந்தன. அமெரிக்கச் சட்டம் இன்றுவரை அழகுப்பொருள்களுக்கு முடிவுத் தேதி கட்டாயம் என்று சொல்லவில்லை. மஸ்காராவை மூன்று மாதத்தில் மாற்றிவிடுவது நல்லது என்பது ஆலோசனை மட்டும்தான். காய்ந்தால் தண்ணீரோ எச்சிலோ விடாதே, தூக்கிப் போடு என்பதும் அதே ஆலோசனையில் வரும்.

இரண்டாவது கடிகாரத்தைச் சட்டமாக்கியது ஐரோப்பா. 2003ல் நிறைவேறிய திருத்தத்தின்படி 2005 மார்ச் முதல், திறக்காமல் 30 மாதத்துக்கு மேல் தாங்கும் பொருள்களில் திறந்த ஜாடிப் படமும் மாத எண்ணிக்கையும் இருக்க வேண்டும். 30 மாதமோ அதற்குக் குறைவாகவோ தாங்குபவற்றில் நேரடியாகத் தேதியே போட வேண்டும். இந்தியாவில் 1940ல் வந்தது வெறும் மருந்துச் சட்டம். 1962 திருத்தத்தில்தான் அழகுப்பொருள்கள் சேர்ந்தன, சட்டத்தின் பெயரும் மாறியது. 2020ல் அவற்றுக்கெனத் தனி விதிகள் வந்தன. நம் விதி கேட்பது முதல் கடிகாரத்தை: எந்த மாதம், எந்த வருஷத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதை. திறந்த ஜாடிப் படம் நம் கடைகளில் ஒரு டப்பாவில் இருக்கும், பக்கத்து டப்பாவில் இருக்காது.

*

இந்தத் தேதிகளை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? ஸாஃப்ட்வேர் ஆளான எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது.

இரண்டு வருஷம் தாங்குமா என்று பார்க்க யாரும் இரண்டு வருஷம் காத்திருப்பதில்லை. சூட்டில் வைத்துக் காலத்தை வேகப்படுத்துகிறார்கள். வெப்பம் ஏறினால் வேதிவினை எவ்வளவு வேகமாகும் என்பதற்கு ஸ்வீடன் நாட்டு அரீனியஸ் 1889ல் ஒரு சமன்பாடு கொடுத்தார். அதிலிருந்து வந்த தோராய விதி: பத்து டிகிரி ஏறினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 40 டிகிரி அடுப்பில் சில மாதம் வைத்துப் பார்த்து, சாதாரண அறையில் எத்தனை காலம் தாங்கும் என்று கணிக்கிறார்கள். நம் லோடு டெஸ்டிங் மாதிரிதான். அதில் ஒரு சின்ன வேடிக்கை: ஆய்வகத்துக்காரர்கள் அடுப்பில் உண்டாக்கும் அந்தச் சூடு நம் ஊர்க் கத்திரி வெயிலில் இலவசம். காருக்குள் விட்டுவிட்டு வரும் சன்ஸ்க்ரீன் தினமும் அந்த அடுப்பில்தான் வேகிறது. அதன் கடிகாரம் அட்டையில் போட்டதைவிட வேகமாக ஓடுகிறது.

இன்னொன்று சவால் சோதனை. ஐ.எஸ்.ஓ. 11930 என்ற தரவிதி. க்ரீமுக்குள் வேண்டுமென்றே கிருமிகளை விடுவார்கள்: மூன்று பாக்டீரியா, ஓர் ஈஸ்ட், ஒரு பூஞ்சை. அந்தப் பட்டியலில் சூடோமோனாஸும் உண்டு. பிறகு 28 நாள்கள் வரை எண்ணிப் பார்ப்பார்கள், எத்தனை செத்தன என்று. நம்முடைய விரல் உள்ளே வரும் என்று தெரிந்தே வைக்கிற பரீட்சை.

அந்தப் பரீட்சையில் க்ரீமைத் தேற வைப்பது பதனப்பொருள்கள். இவற்றின் கதை தனிச் சோகம். 1920களிலிருந்து பாரபென்கள் இந்த வேலையைச் செய்தன. மலிவு, பல வகைக் கிருமிகளுக்கு எதிராக வேலை செய்யும், ஒவ்வாமையும் அபூர்வம். 2004ல் ரெடிங் பல்கலைக்கழகத்தின் பிலிப்பா டார்பர் குழு, 20 மார்பகக் கட்டிகளில் பாரபென் இருப்பதாக எழுதியது. அதனால்தான் புற்றுநோய் வந்தது என்று அந்த ஆய்வு காட்டவில்லை. நல்ல திசுவோடு ஒப்பிட்டும் பார்க்கவில்லை. ஆனால் பயம் பரவிவிட்டது. டப்பாக்களில் 'பாரபென் இல்லை' என்பது பெரிய எழுத்தில் வந்தது. (ஐரோப்பா 2014ல் ஐந்து வகைப் பாரபென்களை, போதுமான பாதுகாப்புத் தரவு இல்லை என்று தடைசெய்தது. அதிகம் புழங்கும் மெத்தில், எத்தில் வகைகள் இன்றும் அனுமதியோடுதான் இருக்கின்றன.)

பாரபெனை எடுத்தால் கிருமிக்கு யார் காவல்? பல நிறுவனங்கள் மெத்தில்ஐசோதையசோலினோன் என்ற பதனப்பொருளுக்குப் போயின. சில வருஷத்தில் ஐரோப்பாவில் தோல் மருத்துவர்களிடம் அரிப்பும் தடிப்புமாக ஆட்கள் வரிசையில் நின்றார்கள். 2013ல் அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் அதை 'இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. 2017 முதல் ஐரோப்பாவில் கழுவாமல் விட்டுவைக்கும் க்ரீம்களில் அதற்குத் தடை. ஒரு பக் சரிசெய்யப் போய் இன்னொன்றைப் புரொடக்ஷனில் இறக்கியவர்கள் நாங்களும்தான். அதனால் கேலி செய்ய மனம் வரவில்லை. ஆனால் 'பதனப்பொருளே இல்லை, முழுக்க இயற்கை' என்று விற்கும் ஈரமான க்ரீமைப் பார்த்தால் இப்போது கை பின்வாங்குகிறது. தண்ணீர் இருக்கும் இடத்தில் ஏதாவது ஒன்று வளரும். அதை யார் தடுக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

*

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது. அவளுடைய கண்ணாடி அலமாரியில் மாமா துபாயிலிருந்து எப்போதோ கொண்டுவந்த க்ரீம் இருந்தது. விசேஷத்துக்கு மட்டும் எடுப்பாள், முகம் கழுவிய ஈரத்தோடு ஒரு விரல். திறந்து மோந்து பார்த்தேன். காறல் வாடை.

"தூக்கிப் போட்டுரும்மா."

"எம்புட்டு வெல தெரியுமாடி அது? தேதி இன்னும் முடியல, பாரு."

உண்மைதான். தேதி இரண்டு மாதம் தள்ளித்தான் இருந்தது. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அப்போதுதான் சமையலறை மேல்தட்டில், வாயில் வெள்ளைத் துணி கட்டின மாங்காய் ஊறுகாய் ஜாடி கண்ணில் பட்டது. சின்ன வயசில் நானும் அக்காவும் அதில் கை வைத்து வாங்காத அடி இல்லை. "ஈரக் கையோட ஜாடியத் தொடாதடி! காஞ்ச கரண்டிய எடு!" அந்த ஜாடியில் எந்தத் தேதியும் கிடையாது. அம்மா எந்த நுண்ணுயிரியலும் படித்ததில்லை. ஆனால் ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே கெடும் என்பதும், கெடுதல் ஜாடியிலிருந்து அல்ல, கையிலிருந்து வருகிறது என்பதும் அவளுக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்து வைத்திருக்கும் டப்பாவுக்கும் அவளிடம் அதே சட்டம்தான்.

அந்த அறிவு கண்ணாடி அலமாரிக்கு மட்டும் ஏன் வரவில்லை? கம்பெனி டப்பா என்பதால்தான் என்று நினைக்கிறேன். அதில் தேதி அச்சிட்டிருந்தது. பார்த்துக்கொள்ள வேண்டியது அவர்கள் என்று விட்டுவிட்டோம். அந்த அழகுநிலையக்காரம்மாவும் தன் வீட்டு ஊறுகாய்க்குள் தண்ணீர் விட்டுக் கலக்கியிருக்க மாட்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. யாரும் அவருக்கு இதைச் சொல்லவில்லை, எங்களுக்கும் சொல்லவில்லை. தேதி என்பது, நான் மூடியதை யாரும் திறக்காமல் இருந்தால் இதுவரை தாங்கும் என்று ஒரு தொழிற்சாலை நமக்குக் கொடுக்கும் வாக்கு. பெரிய வாக்குதான். லாஷ் லூரின் காலத்துப் பெண்களுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. ஆனால் அது மூடியோடு முடிந்துவிடுகிற வாக்கு.

"ஊறுகாய் ஜாடிக்குள்ள ஈரக் கைய விடுவியாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா க்ரீம் ஜாடியை வாங்கி இன்னொரு தடவை மோந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் பின்பக்கம் போய்க் குப்பைக்கூடையில் போட்டாள். வந்து, "அன்னிக்கு நீதான பக்கத்துல நின்ன. தண்ணி விட்டுக் கலக்குனத எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல" என்றாள். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவளிடம் நான் அதை முதல் தடவை சொன்னதே அன்றைக்குத்தான்.

இப்போது என் பையில் எப்போதும் ஒரு மார்க்கர் பேனா இருக்கிறது. எந்த டப்பாவைத் திறந்தாலும் அடியில் அன்றைய தேதியை எழுதுகிறேன். புது க்ரீம் என்றால் முதலில் முழங்கை மடிப்பில். மஸ்காரா மூன்று மாதம், யாருக்கும் கடன் கிடையாது. அக்கா பெண்ணுக்குப் பதிமூன்று வயசு. ஸ்கூல் ஆண்டுவிழாவுக்கு ஐலைனர் கேட்கிறாளாம். அக்கா போன வாரம் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். புது ஐலைனர், மூடியில் வெள்ளை ஸ்டிக்கர், அதில் அவள் கையெழுத்தில் பெண்ணின் பெயரும் திறந்த தேதியும்.